வலி போனால் போதுமா?

போன வருஷம் ஸ்ரீஜயந்திக்குப் பண்ணின உப்புச் சீடையைக் கடித்தபோது, எங்கள் அத்தையின் வலது கீழ்க் கடைவாய்ப் பல் 'டக்'கென்று இரண்டாகப் பிளந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அத்தை கூடத்துக்கு ஓடி வந்தாள். "சீடை மாவிலே கல் ஏதாவது இருந்ததோ?" என்று அத்திம்பேர் கேட்டார். பல் பிளந்த துக்கத்தைக்கூட அத்தை பொறுத்துக்கொண்டாள். தன் சீடையைப் பற்றி இப்படி ஒரு கேள்வி பிறந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சீடையில் கல்லும் இல்லை. சீடையின் மேல் குற்றமும் இல்லை. அந்தப் பல்லுக்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு 'ரூட் கெனால்' சிகிச்சை நடந்திருந்தது. வலி போய்விட்டது. "பல்லுக்கு மேலே கேப் போட வேண்டும், இரண்டு வாரத்தில் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் பெண்ணுக்குச் சீமந்தம் வந்தது; பிறகு பிரசவம் வந்தது; பிறகு பேரன் வந்து சேர்ந்தான். அத்தை பல்லை மறந்தே போனாள். வலிக்காத பல்லை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பிளவு ஈறுக்குக் கீழே வெகு தூரம் போய்விட்டதால், பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அத்தோடு அத்தை பாடம் கற்றுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

மார்கழி பிறந்ததும் இடது பக்கத்துப் பல் ஆரம்பித்தது. பகலெல்லாம் சாதுவாக இருக்கும். ராத்திரி தலையணையில் தலையை வைத்ததும் 'விண் விண்' என்று தெறிக்கும். சூடாகச் சாத்தமுது பட்டால் உயிர் போகும். பச்சைத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் சற்று அடங்கும். வடக்குச் சித்திரை வீதியில் உள்ள அத்தையின் வீட்டில் கிராம்புத் தைல வாசனை பத்து நாள் கமகமத்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், வலி திடீரென்று நின்றுவிட்டது.

"பாத்தியாடி! பெருமாள் கண் திறந்துட்டார். இனிமே டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" என்றாள் அத்தை.

அவள் சந்தோஷம் பங்குனி வரையில் நீடித்தது. ஒரு நாள் விடியற்காலையில் டெலிபோன் வந்தது. இடது கன்னம் வீங்கி, ஜுரம் நெருப்பாய்க் காய்கிறது என்றார் அத்திம்பேர். ஆட்டோவில் அத்தையை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டேன். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது, பரம வைஷ்ணவியான அத்தை மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி உச்சிப் பிள்ளையாரை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பல்வலி வந்துவிட்டால் எல்லாருக்கும் சமரச நோக்கு வந்துவிடுகிறது!

அன்றுதான் பல் செத்தது

தில்லைநகரில் இருக்கும் பல் டாக்டர் ஓர் அம்மாள். அத்தையின் வாயைப் பார்த்தார். தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பல்லின் வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது.

"மாமி, மார்கழியில் வலி சுத்தமாக நின்றுவிட்டது என்றீர்களே, அன்றைக்கு ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், இல்லையா?"

"பின்னே? பெருமாளுக்கு அக்காரவடிசில் பண்ணி அமுது செய்யப் பண்ணினேனே!"

"அன்றைக்குத்தான் உங்கள் பல் செத்துப்போயிற்று, மாமி."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். நீங்களும் திகைக்க வேண்டாம். டாக்டர் அம்மாள் எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பல் என்பது வெறும் எலும்புத் துண்டு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே தெரியும் வெள்ளைப் பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான். அதற்கு அடியில் டென்டைன் என்ற சற்று மெதுவான பாகம் இருக்கிறது. அதற்கும் உள்ளே, பல்லின் நட்ட நடுவில், பற்கூழ் என்ற மிருதுவான சதை இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேர் நுனியில் உள்ள ஊசித் துளை வழியாக அதற்குள் வந்து போகின்றன. வேருக்குள் இவை ஓடும் குழல்தான் 'ரூட் கெனால்'. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழல். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழல் ஒன்று பல சமயம் கண்ணுக்கு அகப்படாமல் ஒளிந்துகொண்டிருக்கும்.

சொத்தை எனாமலையும் டென்டைனையும் துளைத்துக்கொண்டு கூழை எட்டினதும், கூழ் வீங்கப் பார்க்கிறது. காலில் அடிபட்டால் கால் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் நாலு பக்கமும் கருங்கல் சுவர் போல அல்லவா இருக்கிறது? வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு கதறுகிறது. படுத்தால் தலைப் பக்கம் ரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால் ராத்திரியில் வலி அதிகமாகிறது.

இப்படிச் சில நாள் கதறிய பிறகு கூழ் செத்துவிடுகிறது. நரம்பும் அதோடு செத்துவிடுவதால் வலி நிற்கிறது. ஆனால் கிருமிகள் சாகவில்லை. செத்த கூழைத் தின்று கொழுத்து, வேர் நுனித் துளை வழியாக வெளியேறி, தாடை எலும்புக்குள் போய்ச் சீழ் கட்டுகின்றன. அத்தைக்கு மார்கழியிலிருந்து பங்குனி வரை நடந்தது இதுதான். அவள் நிம்மதியாகத் தூங்கின அத்தனை ராத்திரியும் கிருமிகள் விழித்துக்கொண்டு வேலை செய்திருக்கின்றன.

கிராம்பும் மாத்திரையும்

கிராம்பு வைத்தது தப்பா என்று அத்தை கேட்டாள். தப்பில்லை. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற சத்து வலியை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுப் பொடியுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்க உபயோகிக்கிறார்கள். ஆனால் அது சொத்தையை ஆற்றாது. வலி மாத்திரையைப் பல்லின் மேலேயே வைத்து அடக்கிக்கொள்கிறார்களே, அது மட்டும் கூடவே கூடாது. ஆஸ்பிரின் ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கிவிடும். புகையிலைக் காம்பை அடக்கிக்கொள்வதும் ஆகாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கிருமிக்கொல்லி மாத்திரைகளின் கதை இன்னும் வேடிக்கை. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகும். செத்துப்போன பல்லுக்குள் மட்டும் போகாது. அங்கேதான் ரத்த ஓட்டமே இல்லையே! வீக்கமும் ஜுரமும் பரவும்போது டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுப்பது உண்டு. அப்போதும் அது துணைதான். கிருமியின் கூட்டை உள்ளே போய்க் கலைத்தால்தான் நோய் தீரும்.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் கண்டிப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், வாயைத் திறக்க முடியாமற்போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், அது பல் டாக்டருக்காகக் காத்திருக்கும் சமயம் அல்ல. அந்த க்ஷணமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். திருச்சிக்காரர்களுக்குப் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரு சொத்தைப் பல் உயிருக்கே உலை வைப்பது அபூர்வந்தான்; ஆனாலும் நடப்பது உண்டு.

நாற்காலியில் என்ன நடக்கிறது?

அத்தைக்கு அன்றைக்கே ஊசி போட்டு மரக்கச் செய்து, பல்லின் தலையில் ஒரு வழி திறந்து, சீழை வடிய விட்டார் டாக்டர் அம்மாள். ஜுரமும் வீக்கமும் தணிந்த பிறகு இரண்டாவது தடவை போனோம். பயந்து நடுங்கினவள், முடிவில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்!

முதலில் பல்லைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் திரையை மாட்டினார்கள். 1864இல் பார்னம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் கண்டுபிடித்த உபாயம் இது. இதனால் எச்சில் பல்லுக்குள் போகாது. கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாது. பிறகு தலைமுடி போன்ற மெல்லிய அரங்களை ஒவ்வொரு குழலுக்குள்ளும் விட்டு, செத்த கூழை அராவி எடுத்தார்கள். 1838இல் மேனார்ட் என்பவர் இந்த வேலைக்கு முதல் கருவியைக் கடிகாரத்தின் சுருள்வில்லிலிருந்து செய்தாராம். இன்று நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தில் செய்கிறார்கள். வளைந்த வேருக்குள் வளைந்தே போகும்.

இடையிடையே குழலைக் கழுவும் மருந்து, துணி வெளுக்கும் திரவத்தின் இனத்தைச் சேர்ந்தது. கிருமிகளைக் கொன்று அழுகலைக் கரைக்கும். வேருக்கு வெளியே போனால் சுடும். ஆகையால், சிகிச்சையின்போது வாயில் காரமாகவோ எரிச்சலாகவோ பட்டால் உடனே கையைத் தூக்கிவிடுங்கள். வலித்தாலும் கையைத் தூக்குங்கள். சீழ் கட்டின பல்லில் சில சமயம் ஒரே ஊசியில் மரத்துப்போகாது, இன்னொன்று போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய அவசியம் இல்லை. கடிக்கவும் முடியாது!

சுத்தம் செய்த குழலை அப்படியே காலியாக விட்டால் கிருமி மறுபடி குடி வந்துவிடும். அதனால் மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து எடுக்கும் கட்டபார்ச்சா என்ற பொருளால் அதை நிரப்பி அடைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகப் போட்டார்கள். 1867இல் போமன் என்ற டாக்டர் இதைப் பல் வேருக்குள் வைத்தார். தந்திக் கம்பி போயே போய்விட்டது. பல்லுக்குள் கட்டபார்ச்சா இன்றைக்கும் இருக்கிறது.

ஒரே தடவையில் முடிப்பது நல்லதா, இரண்டு மூன்று தடவையாகச் செய்வது நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அத்தையைப் போலச் சீழும் வீக்கமும் உள்ளவர்களுக்கு நடுவில் மருந்து வைத்து அனுப்புவது வழக்கம். அடைத்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது சற்று வலிப்பது சகஜம். வலி ஏறிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ திரும்பப் போக வேண்டும்.

நாற்காலியில் உட்காருமுன்

புடைவைக் கடையில் பத்துப் புடைவையைப் பிரித்துப் பார்க்கும் நாம், டாக்டரிடம் மட்டும் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டோம். டாக்டர் அம்மாளே சொன்னார்: "கேளுங்கள் மாமி, கேட்கிறவர்களுக்குத்தான் வைத்தியம் செய்வது சுலபம்" என்று.

இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? வேர் நெடுகப் பிளந்த பல்லையும், ஈறு நோயால் ஆடும் பல்லையும், கேப் நிற்பதற்குச் சுவரே மிஞ்சாத பல்லையும் சிகிச்சை செய்து பிரயோசனம் இல்லை. எத்தனை தடவை வர வேண்டும்? கேப் உள்பட மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. கேப்புக்குத் தனிப் பணம் என்று தெரியாமல் பாதியில் நின்றவர்கள் ஏராளம். சிக்கலான வேர் என்றால், இந்தச் சிகிச்சையிலேயே மேற்படிப்புப் படித்தவரிடம் அனுப்புவார்கள். அனுப்பினால் போக வேண்டும். செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் போய் விசாரித்துப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயத்தில் செயற்கை வால்வு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பு, எலும்புத் தேய்வுக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி — எதையும் மறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலை வேளையில் போவது உத்தமம்.

இன்னொன்று, சுத்தம். கருவிகளைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாது. பிரஷர் குக்கர் மாதிரி மூடிய பாத்திரத்தில் 121 டிகிரிக்கு மேல் நீராவியால் வேக வைக்க வேண்டும். அப்படிச் செய்த கருவிகளை உறையில் போட்டு ஒட்டியிருப்பார்கள். உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்கிறார்களா, ஊசி புதிதா, கழுவும் உப்புநீர்ப் புட்டி புதிதாகத் திறந்ததா என்று பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே 2022, 2023ஆம் ஆண்டுகளில், திருப்பத்தூர் மாவட்டத்தில் மூளையைத் தாக்கும் ஒரு கொடிய கிருமி நோய் பலருக்குக் கண்டது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். 2025இல் வெளியான ஆய்வு அதன் காரணத்தைச் சொல்லிற்று. உப்புநீர்ப் புட்டியைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்திருக்கிறார்கள். மீதியைப் பஞ்சால் மூடி வைத்து அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே உபயோகித்திருக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி அந்தப் புட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது. பல் வலிக்காகப் போனவர்கள்! இப்படி நடப்பது மிக மிக அபூர்வம். பயந்துகொண்டு வைத்தியத்துக்கே போகாமல் இருப்பதற்காக இதைச் சொல்லவில்லை. "புட்டி புதிதா?" என்று கேட்க யாரும் வெட்கப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உலக்கைக்குப் பூண் எதற்கு?

இரண்டாம் தடவை முடிந்ததும் அத்தைக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. "வலிதான் போயிடுத்தே! கேப் எதுக்குடி? அந்தப் பணத்துக்குப் பேரனுக்கு ஏதாவது பண்ணலாம். எனக்கென்ன, கிழவி! ஒரு பல் போனால் போறது" என்றாள்.

நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! குழந்தைக்குச் சளி என்றால் அன்றே டாக்டர். அத்திம்பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்றே தைலம். தன் பல் மட்டும் சீமந்தத்துக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, பண்டிகைக்குப் பிறகு. வலி என்ற ஒரு வக்கீல்தான் அவளுக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால் அவள் வழக்கு தள்ளுபடி!

டாக்டர் அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாமி, உலக்கைக்கு எதற்குப் பூண் போடுகிறார்கள்?"

"போடாட்டா இடிக்கிறச்சே மரம் பிளந்துடுமே."

"பல்லும் அப்படித்தான்."

சொத்தையைச் சுரண்டி, வழி திறந்து, உள்ளே அராவின பிறகு கடைவாய்ப் பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அவை விரியப் பார்க்கும். கேப் அவற்றைப் பூண் போலச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மேலும், தற்காலிகமாக அடைத்தது சில வாரங்களில் தேய்ந்து கசியும். எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே போய்விடும். ஆகையால் ரூட் கெனால் முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பும் சிகிச்சையில் ஒரு பாகந்தான். முன்பல்லுக்குப் பல சமயம் கேப் தேவைப்படாது. சரியாக அடைத்தாலே போதும்.

முறையாகச் செய்தால் பல் எவ்வளவு நாள் வரும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, சிகிச்சைக்குப் பிறகு 2 முதல் 10 வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது 100 பற்களில் 86 முதல் 93 வரை வாயிலேயே நிலைத்திருந்தன. பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்தால், பக்கத்துப் பல் சாயும். எதிர்ப் பல் இடம் தேடி இறங்கும். அதைச் சரிக்கட்டச் செயற்கைப் பல் வைப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் இதைவிட அதிகம்.

திண்ணைப் பேச்சுகள்

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு பூராவும் ஒரு பயம் உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. பல் எடுத்ததால் பார்வை போவதில்லை. நாற்பது ஐம்பது வயதில் பல்லும் கெடுகிறது, கண்ணும் மங்குகிறது. பழியைப் பல் டாக்டர் ஏற்கிறார்.

வேர்ச் சிகிச்சை செய்த பல் உடம்பெல்லாம் விஷத்தைப் பரப்பும் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த திண்ணைப் பேச்சு. 1910இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஒரு பிரசங்கம் செய்தார். வாயில் ஒளிந்திருக்கும் கிருமிதான் பல நோய்களுக்குக் காரணம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் இருபது முப்பது வருஷம் ஏராளமான நல்ல பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பிடுங்கியும் மூட்டுவலிக்காரர்களின் மூட்டுவலி போகவில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டன.

கர்ப்பிணிகள் பல் வைத்தியமே செய்துகொள்ளக் கூடாது என்பதும் சரியில்லை. சீழ் பிடித்த பல்லோடு பத்து மாதத்தையும் தள்ளுவதுதான் ஆபத்து. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்குச் சௌகரியமான காலம். அவசரமானால் எப்போதும் செய்யலாம். பல் எக்ஸ்ரேயின் கதிர் மிக மிகக் கொஞ்சம். ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படும் கதிரைவிட அதிகம் இராது. ஆனால் கர்ப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். கையில் அகப்பட்ட வலி மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்வது கூடாது.

குழந்தைகளின் பால் பல்தானே, விழப்போவதுதானே என்றும் அலட்சியமாக இருக்கக் கூடாது. பால் கடைவாய்ப் பல் விழ 10, 12 வயது ஆகிறது. அது ஐந்து வயதில் சொத்தையானால், குழந்தை அத்தனை வருஷம் எதைக் கொண்டு மெல்லும்? பால் பல்லுக்கும் கூழ்ச் சிகிச்சை உண்டு.

தன்வந்திரியும் அத்தையும்

சித்திரைத் தேருக்கு நாலு நாள் முன்னால் அத்தைக்குக் கேப் போட்டாயிற்று. வீடு திரும்பியதும் கோயிலுக்குப் போனோம். தன்வந்திரி சந்நிதியில் அத்தை வெகு நேரம் நின்றாள்.

"பெருமாள்தான் வலியை நிறுத்தினார்னு நினைச்சேண்டி. டாக்டர்கிட்டே போன்னு அவர் சொன்னது என் காதிலே விழல்லை போலிருக்கு" என்றாள்.

அந்தச் சந்நிதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலைச் சேர்ந்து ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. பாழடைந்து கிடந்த அதைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணினார் என்று 1493ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கோயிலைச் சேர்ந்தே வைத்தியசாலை வைத்திருந்த ஊர் இது. வலி நின்ற பிறகும் வைத்தியரிடம் போவதைப் பெருமாள் ஒரு நாளும் தப்பாக எண்ணமாட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு நிழல் மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருக்கிறார். சமையலறை நாட்காட்டியில் அத்தை தன் கையாலேயே அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இப்போது வலி கொஞ்சமும் இல்லை. ஆனாலும் வட்டம் இருக்கிறது.

வரும் ஸ்ரீஜயந்திக்குச் சீடை உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாமல்? ஆனால் உங்க அத்திம்பேர்தான் முதல்லே கடிச்சுப் பார்க்கணும்" என்றாள் அத்தை.